பிள்ளை எந்த இடாப்பில்?

 

நீளமான பதிவுதான். இப்போது நேரமில்லாதவர்கள் இரவில் வந்து வாசியுங்கள். பாதி வாசித்துவிட்டுக் கருத்துப் பெட்டியில் சண்டைக்கு வரவேண்டாம்.

வலயமட்ட மெய்வல்லுநர் போட்டி முடிந்த நாளிலிருந்து நம்முடைய வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கதை. வாகரைப் பிள்ளையை ஓட விடவில்லையாம். மேசையில் இருந்தவர்கள் அநியாயம் செய்துவிட்டார்களாம். விதியைக் காட்டி ஒரு ஏழைப் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டார்களாம். ஒருவர் அந்தப் பிள்ளையின் படத்தையும் போட்டிருந்தார். தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள். பதினேழு வயதுப் பெண்பிள்ளையின் அழுத முகத்தை ஊர் முழுக்க அனுப்பி நீங்கள் எந்த நீதியையும் எடுத்துக் கொடுக்கப் போவதில்லை.

நான் அன்று மைதானத்தில் நின்றவன். கண்டதைச் சொல்கிறேன். பாடசாலைகளின் பெயரும் ஆட்களின் பெயரும் வராது. தெரிந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தேவையில்லை.

அந்தப் பிள்ளையைத் தரம் 6 இலிருந்து எனக்குத் தெரியும். அப்போது அந்தப் பாடசாலையில் நான் படிப்பித்தேன். தகப்பன் வாவியில் தொழில் செய்கிறவர். பிள்ளைக்கு 800 மீற்றர். முதல் சுற்றில் யாரையும் கவனிக்கமாட்டாள், இரண்டாம் சுற்றில் ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டு வருவாள். இப்படி ஓடச் சொல்லி யாரும் பழக்கவில்லை. தானாக வந்தது.

இந்த முறை சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தாள். விஞ்ஞானப் பிரிவில் படிக்க ஆசை. படித்த பாடசாலையில் அந்தப் பிரிவு இல்லை. நமக்கெல்லாம் பழகிப்போன விடயம்தான். உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபி பாடசாலையில்தான் இருக்கும். 1சி என்றால் கலை, வர்த்தகம். வகை 2 என்றால் தரம் 11 உடன் கதவு மூடிவிடும். ஆகவே அவள் ஊரைவிட்டு வெளியே போய்த்தான் ஆகவேண்டும். ஒரு பெரிய பாடசாலை அவளை எடுப்பதாகச் சொன்னது.

தாய் விடுகைப் பத்திரம் கேட்டுப் பழைய பாடசாலைக்குப் போனார். “வலயப் போட்டி முடியட்டும், தருகிறோம்” என்று பதில் வந்தது. அவள் ஓடினால் பாடசாலைக்கு ஒரு இடம் நிச்சயம் என்பது அவர்களுக்குத் தெரியும். புதிய பாடசாலையில், விடுகைப் பத்திரம் இல்லாமல் சேர்விடாப்பில் பெயர் எழுத முடியாது என்றார்கள். ஆனால் பின்னேரப் பயிற்சிக்கு மட்டும் பிள்ளையை அனுப்பச் சொன்னார்கள். அவர்களுக்கும் அதே இடம் வேண்டும். தாய் அங்கும் இங்குமாக மூன்று தடவை பஸ் ஏறினார். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போனது.

கடைசியில் இரண்டு பாடசாலையும் அவளுடைய பெயரை அனுப்பின. ஒரே பிள்ளை, ஒரே நிகழ்ச்சி, இரண்டு விண்ணப்பம். மேசையில் இருந்தவர்கள் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு இடாப்பைக் கேட்டார்கள். பழைய பாடசாலையின் வரவிடாப்பில் பரீட்சைக்குப் பிறகு அவளுடைய பெயர் இல்லை. புதிய பாடசாலையின் சேர்விடாப்பில் இன்னும் ஏறவில்லை. இரண்டு விண்ணப்பத்தையும் நீக்கினார்கள்.

ஓட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னர் அந்தத் தாய் என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை. “சேர், எண்ட புள்ள எந்தப் பள்ளிக்கூடத்துப் புள்ள எண்டாவது ஆரும் சொல்லுங்களன்” என்று கேட்டார்.

என்னிடம் பதில் இருக்கவில்லை.

இப்போது குழுக்களில் எழுதுகிறவர்களுக்கு நேராகச் சொல்கிறேன். மேசையில் இருந்தவர்களைத் திட்டாதீர்கள். விதியையும் திட்டாதீர்கள். ஓடுகிற பிள்ளை ஒரு பாடசாலையின் இடாப்பில் இருக்கவேண்டும், தன் வயதுப் பிரிவில் இருக்கவேண்டும், ஒழுங்காகப் பாடசாலைக்கு வருகிறவளாக இருக்கவேண்டும். இந்த மூன்றும் இல்லாவிட்டால் அதைப் பாடசாலை விளையாட்டு என்று சொல்லத் தேவையில்லை. கழகப் போட்டி என்று சொல்லிவிடலாம்.

“ஒரு பிள்ளைதானே, விட்டிருக்கலாமே” என்று ஒரு சகோதரர் எழுதியிருந்தார். அதே சகோதரர் போன வருடம் தன்னுடைய பழைய பாடசாலைக்காக, ஏ.எல். எழுதி முடித்துக் கடையில் வேலைக்கு நின்ற ஒரு பையனைக் கொண்டுவந்து இறக்கப் பார்த்தவர். அன்றும் “ஒரு ஆள்தானே” என்றுதான் சொன்னார். விதியில் ஒரு ஓட்டை போட்டால் அதற்குள்ளால் முதலில் நுழைவது ஏழைப் பிள்ளை என்று நினைக்கிறீர்களா? பணமும் செல்வாக்கும் இருக்கிற பாடசாலைதான் நுழையும். நாளைக்கு நம்முடைய பிள்ளை இருபத்திரண்டு வயதுக்காரனோடு ஓடித் தோற்கும்போது இந்த விதியைத் தேடிக்கொண்டுதான் நாம் ஓடுவோம்.

இதை நான் சுத்தமான கையோடு சொல்லவில்லை. கல்வியியற் கல்லூரி முடித்து முதல் நியமனம் கிடைத்த காலம். எங்கள் பாடசாலையில் ஒரு பையனுடைய வயது இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தது. எனக்குத் தெரியும். அவனைச் சின்னப் பிரிவில் இறக்கினோம். அவன் வென்றான். நாங்கள் பட்டாசு கொளுத்தினோம். அந்த ஓட்டத்தில் ஒரு இடத்தால் மாகாணப் போட்டியைத் தவறவிட்டவன் நம்மைப் போல இன்னொரு கஷ்டப் பிரதேசத்துப் பிள்ளை. அவனுடைய ஆசிரியர் எனக்குக் கை கொடுத்து வாழ்த்திவிட்டுப் போனார். இன்றைக்கும் அந்தக் கை நினைவில் இருக்கிறது. இடாப்பு என்பது அமானிதம். அதில் நாம் எழுதுகிற ஒவ்வொரு திகதிக்கும் மறுமையிலும் கேள்வி இருக்கிறது.

சரி, விதியில் பிழையில்லை என்றால் யாரில் பிழை?

பழைய பாடசாலையில் பிழை. விடுகைப் பத்திரம் பிள்ளையின் சொத்து. அதை ஒரு பதக்கத்துக்காக மேசை லாச்சிக்குள் வைத்திருப்பது பிள்ளையைப் பணயம் வைப்பது. போட்டி முடிந்து இரண்டாம் நாள் அந்தப் பத்திரம் கொடுக்கப்பட்டது. இரண்டே நாள்! முன்னர் கொடுக்க முடியாமல் இருந்ததற்கு ஒரு காரணமும் இருக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

புதிய பாடசாலையில் பிழை. பெயர் எழுத மாட்டோம், ஓட்டம் மட்டும் வேண்டும் என்பது என்ன நியாயம்? பிள்ளையின் கால் வேண்டும், பிள்ளை வேண்டாம் என்கிற மாதிரித்தானே இது?

அதிகாரிகளும் தப்பமுடியாது. மேசையில் இருந்தவர்களைச் சொல்லவில்லை, அதற்கு மேலே திட்டம் போடுகிறவர்களைச் சொல்கிறேன். முன்பெல்லாம் ஓ.எல். பரீட்சை டிசம்பரில் நடக்கும். பெறுபேறு வந்து பிள்ளை புதிய வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் பெரிய போட்டிகள் சூடுபிடிக்கும். கொரோனாவுக்குப் பிறகு எல்லாம் தலைகீழ். 2021க்கான ஓ.எல். பரீட்சை 2022 மே மாதம் நடந்தது. 2023க்கானது 2024 மே மாதம். 2024க்கானது 2025 மார்ச்சில் நடந்து, பெறுபேறு ஜூலையில் வந்தது. பரீட்சைக்கும் புதிய பாடசாலைக்கும் இடையில் பிள்ளை எங்குமே இல்லாமல் நிற்கிற அந்த இடைவெளி இப்போது போட்டிக் காலத்துக்குள் வந்து விழுந்திருக்கிறது. பரீட்சை நாட்காட்டியை மாற்றியவர்கள், அந்த மாதங்களில் பிள்ளை எந்தப் பாடசாலைக்குச் சொந்தம் என்று ஒரு வரி தெளிவாக எழுதி எல்லாப் பாடசாலைக்கும் அனுப்பியிருக்கலாம். இது பணம் செலவழியாத வேலை.

நகரத்துப் பிள்ளைக்கு இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வராது. தரம் 6 இல் சேர்ந்த பாடசாலையிலேயே உயர்தரம் முடிக்கிறது. ஒரே இடாப்பு. இடம் மாறவேண்டிய கட்டாயம் நம்முடைய பிள்ளைக்குத்தான், அதுவும் நம்முடைய பாடசாலையில் அரசாங்கம் விஞ்ஞானப் பிரிவு தராத காரணத்தால். படிப்புக்காக மாறுகிற பிள்ளையையும், சப்பாத்தும் விடுதியும் தருகிறோம் என்று பெரிய பாடசாலை ஆசைகாட்டி இழுத்துக்கொண்டு போகிற பிள்ளையையும் ஒரே கண்ணால் பார்க்கக்கூடாது. முதலாவது பிள்ளைக்கு வழிவிட வேண்டும். இரண்டாவதை மறிக்க வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டமும் இல்லை. பழைய பாடசாலையில் அந்தப் பிரிவு இருக்கிறதா, இல்லையா? ஒரு கேள்விதான்.

இது நமக்கு மட்டும் உள்ள சண்டை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் இரண்டு வருடம் படிக்கிற கனிஷ்ட கல்லூரிகள் இருக்கின்றன. பெரிய பல்கலைக்கழகத்துக்கு நேராகப் போக வசதியோ புள்ளியோ இல்லாத பிள்ளைகள் பலர் அந்த வழியால்தான் போகிறார்கள். அவற்றுக்கென்று 1938 இல் தொடங்கிய விளையாட்டுச் சங்கம் ஒன்று இருக்கிறது. அங்கே விளையாட வேண்டுமானால் முழுநேர மாணவனாக, ஒரு தவணைக்குக் குறைந்தது 12 கிரெடிட்டுக்குப் பதிந்திருக்க வேண்டும். தொடர்ந்து விளையாடப் புள்ளிச் சராசரி நாலுக்கு இரண்டாவது வேண்டும். படிக்காதவனுக்கு மைதானம் இல்லை. இந்த விதியை நான் ஆதரிக்கிறேன்.

ஆனால் அங்கே இன்னொரு விதியும் இருந்தது. கனிஷ்ட கல்லூரியில் விளையாடிய வருடங்களையும் பெரிய பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கம் தன்னுடைய கணக்கில் கழித்துவிடும். டியேகோ பவியா என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் அப்படியொரு கல்லூரியிலிருந்து மேலே வந்தவர். இது அநியாயம் என்று வழக்குப் போட்டார். 2024 டிசம்பரில் டெனசி மாநிலத்திலுள்ள மத்திய அரசின் நீதிமன்றம் அவரைத் தடுக்கக்கூடாது என்று இடைக்கால உத்தரவு கொடுத்தது. அதன் பிறகு அந்தச் சங்கம் அவரைப் போல இருந்த மற்றவர்களுக்கும் ஒரு வருடம் விட்டுக்கொடுத்தது. சின்ன இடத்திலிருந்து சுற்றிவருகிற பிள்ளையை விதி தண்டித்தால், அதைக் கேட்க அங்கே ஒரு வாசல் இருந்தது.

நம்முடைய பிள்ளைக்கு அப்படி ஒரு வாசல் எங்கே? வாகரையிலிருந்து ஒரு மீனவத் தாய் கொழும்புக்கு வழக்குப் போடப் போவாரா? போட்டி நடக்கிற நாளில், அந்த மைதானத்திலேயே, இரண்டு அதிபரையும் கூப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் முடிவு சொல்லக்கூடிய ஒரு குழு இருந்தால் போதும். “இரண்டையும் நீக்கு” என்பது பெரியவர்களுடைய சண்டையைத் தீர்க்கிற முடிவு. அதில் பிள்ளைக்கு எந்த முடிவும் கிடைக்கவில்லை.

“ஒரு ஓட்டம்தானே, அடுத்த வருடம் ஓடட்டும்” என்று ஆறுதல் சொல்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அடுத்த வருடம் அவளுக்கு 18 வயதுக்குட்பட்ட பிரிவு கிடையாது. 20 வயதுக்குட்பட்ட பிரிவில் தன்னைவிட மூத்தவர்களோடு ஓடவேண்டும். அதற்குப் பிறகு உயர்தரப் பரீட்சை. பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 வீத வரவு வேண்டும் என்ற கவலையில் வீட்டில் பயிற்சியையே நிறுத்திவிடுவார்கள். ஆக அவளுக்கு இருந்ததே இரண்டு வருடம். அதில் ஒன்றை நாம் சாப்பிட்டுவிட்டோம்.

அந்தச் சான்றிதழின் பெறுமதியும் நம்முடைய பெற்றோருக்குச் சரியாகத் தெரியாது. பல்கலைக்கழக அனுமதியில், தேசிய மட்டத்தில் விளையாட்டில் சாதித்த பிள்ளைகளுக்கென்று சிறிய ஒரு விசேட ஒதுக்கீடு இருக்கிறது. உயர்தரத்தில் அடிப்படைத் தகைமை இருக்கவேண்டும், விளையாட்டில் உயர்ந்த இடமும் இருக்கவேண்டும். முப்படையும் பொலிஸும் விளையாட்டு வீரர்களைத் தேடி எடுக்கின்றன. தேசிய மட்டத்துக்குப் போகிற பாதை வலயத்தின் மேசையில்தான் தொடங்குகிறது. அங்கே வெட்டினால் மேலே எதுவும் முளைக்காது.

1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்த எதிர்வீரசிங்கம் அப்போது யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பிள்ளை. 1958 இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்குத் தங்கம் கொண்டுவந்தார். அமெரிக்காவில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே பாய்ந்தார், பிறகு கலாநிதியானார். ஓடினால் படிப்புக் கெட்டுவிடும் என்கிற நம்முடைய வீட்டுப் பேச்சுக்கு இதுவே பதில். அவரைப் போல ஒருவர் வாகரையில் பிறக்கமாட்டார் என்று யாராவது எழுதித் தந்திருக்கிறார்களா?

இன்னொரு பழைய காயத்தையும் சொல்லவேண்டும். 2006 இன் கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரை சனம் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நடந்தும் தோணியிலும் வெளியேறியது. அந்த நாட்களில் பிறந்த பிள்ளைகள் இன்று பாடசாலை விளையாட்டின் கடைசி வயதில் நிற்கிறார்கள். சிலருடைய பிறப்புப் பதிவு காலங்கடந்து செய்யப்பட்டது. பிறப்புச் சான்றிதழில் ஒரு திகதி, சேர்விடாப்பில் இன்னொரு திகதி என்று கிடக்கிறவர்களை நானே கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் ஏமாற்றவில்லை. ஆனால் மேசைக்கு வந்தால் ஏமாற்றுக்காரர் போலத் தலைகுனிந்து நிற்பார்கள். இதைப் போட்டிக்கு முதல்நாள் இரவில் திருத்த முடியாது. ஜனவரியில் திருத்த முடியும்.

கருத்துப் பெட்டியில் ஒருவர், “அது தமிழ்ப் பிள்ளை, உங்களுக்கு ஏன் சேர் இந்த அக்கறை” என்று கேட்டிருந்தார். தம்பி, ஒன்பது வருடம் நான் அந்தப் பக்கத்தில் படிப்பித்தேன். மழைக்கு ரோட்டு மூடினால் அந்த வீடுகளில்தான் தேத்தண்ணி குடித்தேன். எனக்கு அவள் என்னுடைய மாணவி. வேறு கணக்கு எனக்குத் தெரியாது. இந்த விடயத்தை இனப் பிரச்சினையாக்கப் பார்க்கிறவர்களுக்கும் சொல்கிறேன்: பத்திரத்தைப் பிடித்து வைத்தவர்களும் பெயர் எழுதாமல் விட்டவர்களும் அந்தப் பிள்ளையின் சொந்தச் சனம்தான். இதற்குள் என்னுடைய சனத்தையும் உங்களுடைய சனத்தையும் இழுக்காதீர்கள்.

என்னுடைய சனத்துக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. நம்முடைய முஸ்லிம் பாடசாலைகளில் எத்தனை பெண்பிள்ளைகள் தரம் 9 உடன் மைதானத்தைவிட்டுப் போகிறார்கள்? எந்த விதி அவர்களைத் தடுத்தது? தலையை மூடிக்கொண்டு விளையாட 2014 இல் உலக உதைபந்தாட்டம் அனுமதித்தது. 2017 இல் கூடைப்பந்தாட்டமும் அனுமதித்தது. உலகம் விதியை மாற்றிய பிறகும் நாம் வாசலில் நின்று மறிக்கிறோம். மார்க்கம் கேட்கிற ஒழுக்கத்தோடு, தகுந்த உடையோடு, பெண் ஆசிரியையின் பொறுப்பில் பயிற்சி கொடுக்கலாம். அதைச் செய்யாமல், பிள்ளைக்கு ஆர்வமில்லை என்று அறிக்கை எழுதுகிறோம். வாகரையில் ஒரு பிள்ளையின் பெயர் இரண்டு இடாப்பிலும் இல்லாமல் போனது. நம்மிடம் நூறு பிள்ளைகளின் பெயர் எந்த விளையாட்டு இடாப்பிலும் ஏறாமலே போகிறது.

கோபம் போதும். செய்யவேண்டியதைச் சொல்கிறேன்.

அதிபர்மாரே, தாய் தகப்பன் விடுகைப் பத்திரம் கேட்டால் அந்தக் கிழமைக்குள் கொடுங்கள். உங்கள் பாடசாலையில் வளர்ந்த பிள்ளை வேறு பாடசாலையின் பெயரில் வென்றாலும், ஊருக்குத் தெரியும் யார் வளர்த்தது என்று.

பெரிய பாடசாலைகளின் அதிபர்மாரே, பழைய மாணவர் சங்கங்களே, பிள்ளையை எடுக்கிறதென்றால் முதலில் சேர்விடாப்பில் எழுதுங்கள், கதிரையும் புத்தகமும் கொடுங்கள். பிறகு மைதானத்துக்குக் கூப்பிடுங்கள்.

உடற்கல்வி ஆசிரியர்களே, வருடத் தொடக்கத்திலேயே ஓடுகிற பிள்ளைகள் எல்லோருடைய பிறப்புச் சான்றிதழையும் சேர்விடாப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பின்னேர வேலை. இதில் நானும் உங்களோடு நிற்கிறேன். வாகரைப் பக்கத்தில் எந்தப் பாடசாலை கூப்பிட்டாலும் சனிக்கிழமையில் வந்து உதவி செய்வேன்.

வலயத்தில் பொறுப்பில் இருக்கிறவர்களே, விதிகளைத் தமிழில், விளங்குகிற மொழியில், ஒரு பக்கத்தில் எழுதி ஒவ்வொரு பாடசாலையின் அறிவித்தல் பலகையிலும் ஒட்டச் செய்யுங்கள். விண்ணப்ப முடிவுத் திகதிக்கும் போட்டிக்கும் இடையில் ஆட்சேபணை கேட்க ஒரு நாள் வையுங்கள். பரீட்சைக்கும் புதிய பாடசாலைக்கும் இடையில் நிற்கிற பிள்ளைக்கு ஒரு தெளிவான முடிவு சொல்லுங்கள்.

பெற்றோரே, “சேர்மார் பார்த்துக்கொள்வார்கள்” என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளையின் பெயர் எந்த இடாப்பில் இருக்கிறது என்று நீங்களே போய்க் கேளுங்கள். கேட்டால் கோபிப்பார்கள் என்று பயப்படவேண்டாம். அந்தத் தாய் கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஓட்டம் தொடங்குகிற நேரத்தில் அதைக் கேட்கவேண்டி வந்ததுதான் அநியாயம்.

போன திங்கட்கிழமை அந்தப் பிள்ளையின் பெயர் புதிய பாடசாலையின் சேர்விடாப்பில் ஏறிவிட்டது. அனுமதி இலக்கமும் கிடைத்துவிட்டது. தகப்பன் தொலைபேசியில் சொன்னார். மகள் காலையில் ஓடப் போகிறாளா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இன்னும் போகல்ல சேர். போவாள்” என்றார்.

போவாள், இன்ஷா அல்லாஹ். அதுவரைக்கும் அவளுடைய படத்தை அனுப்புவதை நிறுத்துங்கள். உங்களுடைய பாடசாலையின் இடாப்பை ஒருதடவை திறந்து பாருங்கள்.